சகலையும் ஒரு பச்சைக் கெபாசிட்டரும்

மீட்டருக்கு வயது நாற்பத்தெட்டு. அவருடைய பொறாமைக்கு வயது பதினாறு. இரண்டும் நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தன.

பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டு அவரே கேட்டு நாளாகிவிட்டது. பேனா செருக வேண்டிய சட்டைப் பையில் சதா ஒரு மல்ட்டிமீட்டரைச் செருகிக்கொண்டு திரிகிறவரை வேறு எப்படித்தான் கூப்பிடுவார்கள்? பல்கலைக்கழகத்தின் கருவிப் பட்டறையில் இருபத்தோரு வருஷமாக வேலை. ஆராய்ச்சிக்காரர்கள் உடைத்துக்கொண்டு வருவதை ஒட்டிக் கொடுப்பார். அவர்கள் படத்தில் போட்டுக்கொண்டு வருவதைச் செய்து கொடுப்பார். அவர் பற்றவைத்த இணைப்புகள் சின்னதாக, வழவழப்பாக, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து இருக்கும். கையெழுத்தை வைத்து ஆளைச் சொல்வதுபோல, ஒரு மின்சுற்றுப் பலகையைத் திருப்பிப் பார்த்து இது மீட்டர் செய்தது என்று சொல்லிவிடலாம்.

பொறாமை யார்மேல் என்றால், சகலைமேல். மனைவியின் தங்கையைக் கட்டியவர். கணக்குப் படித்தவர், மீட்டரைவிட ஏழு வயது இளையவர். கல்யாணமாகி இரண்டாம் வருஷமே இதே பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக வந்து சேர்ந்தார். உலகத்தில் வேறு இடமே இல்லாததுபோல மீட்டர் வேலை பார்க்கிற அதே கட்டடத்துக்கு, அதுவும் இரண்டு மாடி மேலே. மீட்டர் அன்றைக்கே மனைவியிடம் சொன்னார், "மாடியிலதான் உட்காருவாரு, வேறெங்க உட்காருவாரு" என்று.

மாமியார் வீட்டில் நடந்ததைச் சொன்னால்தான் இது முழுசாகப் புரியும். மாமியார் கெட்டவர் இல்லை. மூத்த மருமகனை "பெரிய மாப்பிள்ளை" என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவார். ஆனால் சாய்வு நாற்காலி சின்ன மாப்பிள்ளைக்கு. முதல் காப்பி சின்ன மாப்பிள்ளைக்கு. வருகிற போகிறவர்களிடம் சின்ன மாப்பிள்ளையைப் பற்றிப் பேசும்போது அவருக்கு வாயெல்லாம் பல். பெரிய மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டால், "அவரும் அங்கதான் இருக்காரு" என்பார். அந்த "உம்" என்கிற ஒற்றை அசையை மீட்டர் பதினாறு வருஷமாக மென்றுகொண்டிருந்தார்.

ஒருமுறை மாமியார் வீட்டு டிவி படுத்துவிட்டது. மாமியார் யாருக்குப் போன் போட்டார்? சின்ன மாப்பிள்ளைக்கு. எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்து, டிவிகளின் வயிற்றைக் கிழித்தே பிழைப்பை ஆரம்பித்த ஒருவர் குடும்பத்திலேயே இருக்கும்போது, கணக்கு வாத்தியாருக்கு! சகலை போனை வைத்துவிட்டு நேராக மீட்டரிடம்தான் விஷயத்தைச் சொன்னார். மீட்டர் போய்ச் சரிசெய்து கொடுத்தார். படம் தெரிந்ததும் மாமியார், "சின்ன மாப்பிள்ளைகிட்ட சொன்னேன், உடனே ஏற்பாடு பண்ணிட்டாரு பாருங்க" என்றார். மீட்டர் திருப்புளியைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அன்றைக்கு அவர் வயிறு எரிந்த எரிச்சலுக்கு ஒரு பானை தண்ணீர் பத்தாது.

சகலையின் ஆராய்ச்சி என்னவென்று குடும்பத்துக்குத் தெரிந்ததும் மாமியார் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான்.

"ஒரு வண்டி போன தூரத்தை ஒரு தடவை டிஃபரன்ஷியேட் பண்ணா வேகம் வரும், அத்தை" என்றார் சகலை, தட்டுக்குப் பக்கத்தில் விரலால் கோடு இழுத்தபடி. "ரெண்டாவது தடவை பண்ணா, அந்த வேகம் எப்படி மாறுதுன்னு தெரியும். சரி, அரைத் தடவை பண்ணா?"

"அரைத் தடவைன்னா? பாதியில எழுந்து வந்துடறதா?" என்றார் மாமியார்.

எல்லாரும் சிரித்தார்கள். சகலையும் சிரித்தார். "ரெண்டு அரைத் தடவை பண்ணா சரியா ஒரு முழுத் தடவை ஆகணும். அப்படி ஒரு கணக்கு இருக்கு அத்தை. அதுல விசேஷம் என்னன்னா, அதுக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி. சாதாரணக் கணக்கு இந்த நிமிஷம் என்ன நடக்குதுன்னு மட்டும்தான் பார்க்கும். இது முதல்லேர்ந்து நடந்த எல்லாத்தையும் வச்சுப் பார்க்கும். பழசு மங்கும், ஆனா ஒரேயடியா அழியாது. நரம்பு செல்லும் அப்படித்தான் நடந்துக்குதுன்னு நான் சொல்றேன்."

"எங்க வீட்டுக்காரர் மாதிரின்னு சொல்லுங்க" என்றாள் மீட்டரின் மனைவி.

இந்தச் சிரிப்பு முந்தையதைவிடப் பெரிதாக எழுந்தது. மீட்டரும் சிரித்து வைத்தார். ஆனால் சகலை சொன்னது அவருக்கு நன்றாகவே புரிந்தது, அதுதான் கொடுமை. மேசையில் இருந்தவர்களில் அவருக்கு மட்டும்தான் புரிந்தது. கேள்வி கேட்க நாக்கு துடித்தது. கேட்டால் சகலை இன்னும் அழகாகப் பதில் சொல்லிவிடுவாரே என்று தண்ணீரைக் குடித்துக்கொண்டார்.

மேலே மூன்றாம் மாடியில் ஒரு அறை. அங்கே நத்தையிலிருந்து எடுத்த நரம்பு செல்களை வைத்துப் பதிவு செய்வார்கள். நத்தையின் நரம்பு செல்கள் பெரியவை, மெல்லிய கண்ணாடி ஊசி சுலபமாக உள்ளே போகும். செல்லுக்குள் கொஞ்சம் மின்சாரம் செலுத்தி நிறுத்தினால் அதன் மின்னழுத்தம் எப்படி இறங்குகிறது என்று பார்ப்பார்கள். செல்லின் தோல், மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற சாதாரணக் கெபாசிட்டராக இருந்தால் சட்டென்று இறங்கி முடிந்துவிடும். சகலையின் பதிவுகளில் அது முடிவதில்லை. நீளமாக ஒரு வால் விட்டுக்கொண்டு, இறங்கி இறங்கி, இன்னும் கொஞ்சம் இருக்கிறது என்பதுபோல் இழுத்துக்கொண்டே போகும். அந்த வாலை அளந்து சகலை ஒரு எண் சொன்னார். சுத்தமான கெபாசிட்டர் என்றால் ஒன்று, மின்சாரத்தைத் தடுக்க மட்டும் செய்கிற ரெசிஸ்டர் என்றால் பூஜ்யம், நரம்பு செல் இரண்டுக்கும் நடுவே: புள்ளி எட்டு இரண்டு. முழுத் தடவையும் இல்லை, அரைத் தடவையும் இல்லை.

புள்ளி எட்டு இரண்டு சகலையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கட்டுரைகள் வந்தன. வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து கைகுலுக்கினார்கள். மின்தூக்கியில் அவருடைய புகைப்படத்தோடு ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள், வியாழக்கிழமை பெரிய அரங்கில் உரை என்று. அன்றிலிருந்து மீட்டர் படிக்கட்டில் ஏற ஆரம்பித்தார். முழங்கால் வலித்தது, இருந்தாலும் அந்தப் படத்தோடு இரண்டு மாடி போவதைவிடத் தேவலை.

அந்த உரைக்காகத்தான் சகலை பட்டறைக்கு வந்தார்.

"சகலை, ஒரு உதவி. மேடையில காட்டறதுக்கு ஒரு ஏணிச் சுற்று வேணும். ரெசிஸ்டரும் கெபாசிட்டருமா இருபது படி. மதிப்பெல்லாம் கணக்குப் போட்டு வச்சிருக்கேன். சரியா பண்ணா அதுவும் நரம்பு செல் மாதிரியே புள்ளி எட்டு ரெண்டு காட்டணும். உங்க கைதான் அதுக்குச் சரி."

"வச்சுட்டுப் போங்க" என்றார் மீட்டர்.

செய்வது என்று வந்துவிட்டால் அவருக்குப் பொறாமை கைவரை இறங்காது. ஒவ்வொரு ரெசிஸ்டரையும் அளந்தார், ஒவ்வொரு கெபாசிட்டரையும் அளந்தார், நூறில் அரைப் பங்கு பிசகியதையும் ஒதுக்கினார். நாலு நாளில் ஏணி தயார். மூன்றாம் மாடி அறையில் யாரும் இல்லாத சாப்பாட்டு வேளையில் கொண்டுபோய், நத்தை செல்களைப் பதிவு செய்கிற அதே கருவியில் மாட்டி ஓடவிட்டார். திரையில் வந்த எண் புள்ளி ஏழு.

புள்ளி ஏழா? அவர் கையிலிருந்து போனதிலா? சகலை கணக்கில் கோட்டை விட்டிருக்கிறார் என்று ஒரு கணம் நெஞ்சு இனித்தது. உட்கார்ந்து கணக்கைப் பார்த்தார். கணக்கு சரியாக இருந்தது. பிறகுதான் கருவியில் ஒரு பொத்தான் அணைக்கப்படாமல் இருப்பதைக் கவனித்தார். பிடிப்புச் சுற்றின் பொத்தான்.

நரம்பு செல் சும்மா இருக்கும்போதும் அதில் கொஞ்சம் மின்னழுத்தம் இருக்கும். பதிவு தொடங்குமுன் அந்த அளவை ஒரு கெபாசிட்டரில் பிடித்து வைத்துக்கொண்டு, அப்புறம் வருவதிலிருந்து கழித்துக்கொண்டே வருவதுதான் பிடிப்புச் சுற்றின் வேலை. மீட்டர் பொத்தானை அணைத்தார். ஏணி சொல்லி வைத்ததுபோல் புள்ளி எட்டு இரண்டு காட்டியது. மறுபடி போட்டார், புள்ளி ஏழு. ஒரு யோசனையில், பக்கத்திலிருந்த பொம்மை செல்லை எடுத்து மாட்டினார். பொம்மை செல் என்பது ஒரே ஒரு ரெசிஸ்டரும் ஒரே ஒரு உயர்ந்த ரகக் கெபாசிட்டரும் வைத்த சின்னப் பெட்டி. கருவி ஒழுங்காக இருக்கிறதா என்று வாராவாரம் அதை வைத்துத்தான் சோதிப்பார்கள். அது ஒன்று காட்ட வேண்டும். பிடிப்புச் சுற்று ஓடும்போது அது காட்டியது புள்ளி எட்டு நாலு.

நரம்பு செல்லும் இல்லை, நத்தையும் இல்லை. வெறும் பெட்டி வால் விட்டுக்கொண்டிருந்தது.

வாராவாரம் சோதித்தும் மூன்று வருஷமாக ஏன் தெரியவில்லை? பொம்மை செல்லுக்கு ஓய்வு மின்னழுத்தம் என்று ஒன்று கிடையாது. பிடித்து வைத்துக் கழிக்க அதில் ஒன்றுமில்லை. அதனால் அதைச் சோதிக்கும்போது பிடிப்புச் சுற்றை அணைத்து வைப்பதுதான் அந்த அறையின் வழக்கம். கதவைப் பூட்டிச் சாவியை இழுத்துப் பார்க்கிற பழக்கம்போல, எல்லாரும் முறை தவறாமல் அணைத்துவிட்டு, எல்லாம் சரி என்று முறை தவறாமல் எழுதி வைத்திருந்தார்கள்.

மீட்டர் கருவியின் மூடியைக் கழற்றினார். பிடிப்புச் சுற்றில் உயர்ந்த ரகக் கெபாசிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் பச்சையாக ஒரு பாலியெஸ்டர் கெபாசிட்டர் குந்தியிருந்தது. அந்த ரகம் பிடித்ததை முழுசாக விடாது. பலகையைத் திருப்பினார். சின்னதாக, வழவழப்பாக, ஒரு பக்கம் சாய்ந்து இரண்டு இணைப்புகள். அவரே வைத்தது. மூன்று வருஷத்துக்கு முன் சரியான சரக்கு வரவில்லை, பதிவு நிற்கக்கூடாது என்று மேலே அவசரப்படுத்தினார்கள். இரண்டு நாளில் மாற்றிவிடலாம் என்று கையில் கிடைத்ததைப் போட்டார். அந்த இரண்டு நாள் இன்னும் முடியவில்லை.

முதலில் அவருக்குப் பதவிதான் ஞாபகம் வந்தது. அடுத்த மாதம் தலைமைத் தொழில்நுட்பர் பதவிக்குத் தேர்வுக் குழு கூடுகிறது, பட்டியலில் முதல் பேர் அவருடையது. மனைவி இப்போதே அந்தப் பதவியைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இது வெளியே தெரிந்தால் பட்டியலும் இல்லை, பதவியும் இல்லை.

அடுத்துத்தான் மற்றது உறைத்தது. சகலையின் புள்ளி எட்டு இரண்டு, அந்தக் கைகுலுக்கல்கள், மின்தூக்கிப் படம், சாய்வு நாற்காலி எல்லாமே ஒரு பச்சைக் கெபாசிட்டரின்மேல் உட்கார்ந்திருந்தன! மீட்டர் மூடியை மெதுவாகத் திருகி மூடினார். படியிறங்கும்போது முழங்கால் வலிக்கவே இல்லை.

ஏணியைச் சகலையிடம் கொடுத்தார், மற்றதை யாரிடமும் சொல்லவில்லை. வியாழக்கிழமை அரங்கில், கேள்வி நேரத்தில், எல்லார் முன்னாலும் எழுந்து சொல்வதென்று முடிவுசெய்தார். பதவி போகட்டும். அந்த முகம் தொங்குவதை ஒருதடவை பார்த்தால் போதும். தன் ஒரு கண் போனாலும் பரவாயில்லை என்கிற அளவுக்கு ஒரு மனுஷனைப் பொறாமை கொண்டுபோய்விட்டது, வேறென்ன சொல்ல. மனைவி அந்த வாரம் கேட்டாள், "என்ன, வீட்ல பாட்டெல்லாம் பாடறீங்க?"

"ஏன், பாடக்கூடாதா?"

"பாடுங்க. கல்யாணமானதுலேர்ந்து பாடினதில்லையே, அதான் கேட்டேன்."

வியாழன் காலை சீக்கிரமே போய்ப் பச்சைக் கெபாசிட்டரைக் கழற்றினார். அத்தாட்சி வேண்டுமே. அதையும் ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரியையும் ஒரு துண்டு ஒயரையும் பையில் போட்டுக்கொண்டு அரங்குக்குப் போனால், கதவு பூட்டியிருந்தது. உரை ரத்து என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது.

மீட்டருக்குத் தலைகால் புரியவில்லை. விறுவிறுவென்று துறைத் தலைவியின் அறைக்குப் போனார். அங்கே சகலை உட்கார்ந்திருந்தார், கண்ணெல்லாம் குழிவிழுந்து. தலைவி கையில் ஒரு கடிதம்.

"வாங்க மீட்டர், நானே கூப்பிட நெனச்சேன்" என்றார் தலைவி. "கட்டுரைய எல்லாம் திரும்ப வாங்கறாராம். பொம்மை செல்லைப் பிடிப்புச் சுற்றோட சோதிக்காம விட்டது தன்னோட கவனக்குறைவுன்னு எழுதியிருக்காரு. ஏணிச் சுற்றைக் கருவியில மாட்டிப் பார்த்தப்பதான் தெரிஞ்சுதாம். மூணு வருஷ வேலை. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

மீட்டர் கடிதத்தை வாங்கிப் படித்தார். கருவியில் கோளாறு என்று ஒரு வரி இருந்தது. என்ன கோளாறு, யார் செய்தது என்று இல்லை. கெபாசிட்டர் என்ற சொல்லே இல்லை. சகலையை நிமிர்ந்து பார்த்தார். சகலை, பேசாதே என்பதுபோல் லேசாகத் தலையாட்டினார்.

மூடியைத் திறந்து பார்த்திருக்கிறார். பலகையைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். அந்தச் சாய்ந்த இணைப்பு யாருடையது என்று தெரிந்துகொண்டு, தேர்வுக் குழு கூடப்போகிறது என்பதையும் நினைத்து, எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறார்.

மீட்டருக்கு நன்றி வரவில்லை. எரிந்தது. சகலை நாற்காலியை எடுத்துக்கொண்டார், காப்பியை எடுத்துக்கொண்டார், டிவியை ரிப்பேர் செய்த பேரையும் எடுத்துக்கொண்டார். கடைசியில் மிச்சமிருந்த தப்பு ஒன்று, அதையும் எடுத்துக்கொண்டு பெரிய மனுஷன் ஆகிறாரே!

"அது என் தப்பு மேடம்" என்றார்.

"சகலை, சும்மா இருங்க" என்றார் சகலை.

"நீங்க சும்மா இருங்க! அது நான் போட்ட கெபாசிட்டர். நான் பத்தவச்சது. உங்களுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

தலைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உறவுக்காரர்னு காப்பாத்தப் பார்க்கறீங்களா மீட்டர்?"

காப்பாற்றுவதா, இவரையா! மீட்டர் பையிலிருந்ததை எல்லாம் மேசைமேல் கொட்டினார். பச்சைக் கெபாசிட்டரின் கால்களைப் பேட்டரியில் வைத்து ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்தார். எடுத்தார். ஒயர்த் துண்டால் இரண்டு காலையும் சேர்த்துத் தொட்டார். சின்னதாக ஒரு பொறி. இன்னும் சில நொடி அப்படியே வைத்திருந்துவிட்டு ஒயரை எடுத்தார். சட்டைப் பை மீட்டரை மாட்டினார். கெபாசிட்டரைக் காலி செய்யாமல் அளக்கிற நல்ல மீட்டர் அது.

"பாருங்க மேடம். மொத்தமும் வடிஞ்சாச்சு. பூஜ்யம்."

பூஜ்யம்தான் இருந்தது. பிறகு இரண்டு மில்லிவோல்ட். ஐந்து. பேட்டரி அந்தப் பக்கம் கிடந்தது, யாரும் எதையும் தொடவில்லை. ஒன்பது. பன்னிரண்டு. வெறுமையான கெபாசிட்டரில் எண் தானாக ஏறிக்கொண்டிருந்தது.

"உள்ளே ஊறினது திரும்பி வருது. இந்த ரகம் அப்படித்தான். செல்லோட அளவை இதுல பிடிச்சு வச்சா, முந்தின பதிவுல இருந்தது கொஞ்சம் கொஞ்சமா மேல வரும். அந்த வாலைத்தான் மூணு வருஷமா அளந்தாங்க. இங்க இதைப் போடக்கூடாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் போட்டேன், மாத்த மறந்துட்டேன்."

தலைவி பேனாவை எடுத்தார். "அப்போ உங்க பேரு அந்தப் பட்டியல்ல இருக்க முடியாது மீட்டர். புரியுதில்ல?"

"புரியுது மேடம்."

சொல்லிவிட்டு, முகம் தொங்கியிருக்கிறதா என்று பார்க்கத்தான் சகலை பக்கம் திரும்பினார். சகலை நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, மல்ட்டிமீட்டரின் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். தலைவி சொன்னது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"பதினாறு... பதினேழு" என்றார் சகலை மெதுவாக. "இதேதான் சகலை. நான் எழுதற சமன்பாடு இதேதான். இவ்வளவு வருஷமா எழுதறேன், ஒரு தடவைகூடக் கண்ணால பார்த்ததில்ல. உங்களுக்கு இது எப்போலேர்ந்து தெரியும்?"

"டிப்ளமா முதல் வருஷத்துலேர்ந்து."

சகலை இப்போது கெபாசிட்டரைப் பார்க்கவில்லை, மீட்டரின் விரல்களைப் பார்த்தார். உதடு ஒரு பக்கம் இறுகியிருந்தது. பார்க்கவும் பிடிக்காமல், பார்க்காமல் இருக்கவும் முடியாமல் ஒரு பார்வை. அது என்னவென்று மீட்டருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அந்த ஒரு விஷயத்தில் அந்தக் கட்டடத்தில் அவரைவிட அனுபவசாலி கிடையாது.

"இன்னொரு தடவை காட்டுங்க சகலை" என்றார் சகலை.

மீட்டர் பேட்டரியை எடுத்தார்.

"இருங்க, அவசரப்படாதீங்க" என்றார். "இந்தத் தடவை இன்னும் கொஞ்ச நேரம் ஏத்தறேன். அப்போதான் நல்லா வரும்."